தயிருக்கு ரத்தத்தில் சாட்சி இல்லை. டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்

“தயிர் சாப்பிட்டா சர்க்கரை வராதாம், அமெரிக்க அரசாங்கமே சொல்லிடுச்சாம்.” குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இந்தச் சங்கதி ஓயாமல் சுற்றுகிறது. சிலர் படிப்பதோடு நிற்பதில்லை. பழச்சுவை யோகர்ட்டை டப்பா டப்பாவாக வாங்கி அடுக்குகிறார்கள். சர்க்கரை மாத்திரையைத் தாங்களாகவே பாதியாக்கிவிடுகிறார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறி நிற்கும்போதுதான் டாக்டருக்கே விஷயம் தெரியவருகிறது. விளம்பரத்தின் மீது புகார் கொடுக்கலாமே என்றால், டப்பா குப்பைக்குப் போயிருக்கும். பில்லைக் கடையிலேயே விட்டு வந்திருப்பார்கள்.

அமெரிக்கா சொன்னது வேறு. டனோன் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவு 2018-இல் போட்ட மனுவுக்கு, அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024 மார்ச் 1 அன்று பதில் தந்தது. வாரத்துக்குக் குறைந்தது 2 கப் யோகர்ட் சாப்பிட்டால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் குறையக்கூடும் என்று லேபிளில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதற்கான அறிவியல் ஆதாரம் குறைவு என்பதையும் சேர்த்தே போட வேண்டும். சர்க்கரை அதிகம் சேர்த்த வகைகளில் இதை அச்சிடுமுன் கம்பெனிகள் யோசிக்க வேண்டும் என்றும் எஃப்.டி.ஏ. சொன்னது. வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு வரிகளும் காணாமல் போய்விடுகின்றன. நோய் வந்துவிட்டவர் மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும், எங்கும் சொல்லவில்லை.

ஆதாரம் ஏன் குறைவு? பெரும்பாலான ஆய்வுகள் மனிதர்களின் வாய்ச்சொல்லை நம்பியவை. கடந்த ஓராண்டில் தயிர் எத்தனை முறை, எவ்வளவு என்று படிவம் கேட்கும். ஞாபகத்துக்கு வந்ததை எழுதுவார்கள். அமெரிக்காவில் 484 பேரை வைத்து நடந்து 2003-இல் வெளியான ‘ஓப்பன்’ ஆய்வு, உடல் உண்மையில் செலவழித்த கலோரியைத் தனியாக அளந்து, படிவத்தோடு ஒப்பிட்டது. ஆண்கள் 31 முதல் 36 சதவீதம் வரையும், பெண்கள் 34 முதல் 38 சதவீதம் வரையும் குறைத்து எழுதியிருந்தார்கள்.

அதனால்தான் ரத்தத்தையே கேட்டுவிடலாம் என்று ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். பால் கொழுப்பில் பென்டாடெக்கனோயிக், ஹெப்டாடெக்கனோயிக் என்ற ஒற்றைப்படைக் கொழுப்பு அமிலங்கள் உண்டு. பால் பொருள் அதிகம் சாப்பிடுபவரின் ரத்தத்தில் இவை கூடும். 16 ஆய்வுகளில் 60,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2018-இல் வந்த கட்டுரை, இவை அதிகமுள்ளவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்ததைக் காட்டியது. ஆனால் அந்தக் கொழுப்பு காலையில் குடித்த காபிப் பாலா, பருப்பில் விட்ட நெய்யா, கெட்டித் தயிரா? ரத்தம் அதைச் சொல்லாது. கொழுப்பு நீக்கிய தயிரை நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் இந்த அமிலங்களில் பெரிதாகத் தடம் விழாது. மீனிலிருந்தும் ஆட்டிறைச்சியிலிருந்தும்கூடக் கொஞ்சம் வரும். ஹெப்டாடெக்கனோயிக் அமிலத்தை உடம்பே தயாரித்துக்கொள்ளவும் செய்யும். லாக்டோஸிலிருந்து பிறக்கும் கேலக்டிடால் போன்றவை பாலைக் காட்டிக்கொடுக்கும். அதைத் தயிரிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். பாக்டீரியா புளிக்கவைத்த யோகர்ட்டையும், வெறும் அமிலம் சேர்த்துத் திரித்த பாலையும் ஒரே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, ரத்தத்தில் இன்டோல் வகைச் சேர்மங்களின் வித்தியாசத்தைக் கண்டார்கள். நல்ல தடயம்தான். ஆனால் கலந்துகொண்டவர்கள் பதினான்கே ஆண்கள். அளவு கூடினால் குறியீடும் கூடுகிறதா, எத்தனை மணி நேரம் தங்குகிறது, வேறு ஆய்வுக்கூடத்திலும் அதே எண் வருகிறதா என்று தேற வேண்டிய பரீட்சைகள் பல பாக்கி.

இந்த இடைவெளியில் வியாபாரம் நுழைந்துவிட்டது. ‘உணவு ஒவ்வாமை’ என்ற பெயரில் ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை விற்கிறார்கள். பால் பொருளுக்குச் சிவப்புக் கோடு வந்ததும் தயிரையே விட்டுவிடுகிறார்கள். ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் அந்த உணவு உடம்புக்குப் பழக்கப்பட்டது என்பதைக் காட்டுமே தவிர ஒவ்வாமையைக் காட்டாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்கள் 2008-லேயே சொல்லிவிட்டார்கள். பணத்தை வீணாக்காதீர்கள்.

டப்பா விளம்பரத்துக்கு எதிராக இனி செய்ய வேண்டியது. நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று அனுமதியில்லாமல் உணவுப் பொருளை விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடை செய்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. டப்பாவைக் கழுவித் துடைத்து வையுங்கள். வாசகம், தொகுதி எண், தயாரிப்புத் தேதி, 14 இலக்க உரிம எண் ஆகியவை தெரியப் படமெடுங்கள். பில் வாங்குங்கள். செல்போன் விளம்பரம் என்றால் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறுநாள் அதை அழித்துவிடுவார்கள். இவற்றோடு ஒரு பக்கத்தில் புகார் எழுதி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் நேரில் கொடுங்கள். “அது எங்க செக்‌ஷன் இல்ல சார்” என்ற பதில் வந்தால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 17-ஆம் பிரிவு, தவறான விளம்பரம் பற்றிய புகாரைக் கலெக்டரிடமே கொடுக்க வழி செய்கிறது. பிரிவு எண்ணைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். உங்களுக்கே பண நஷ்டம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மறுபடியும் சொல்கிறோம்: டப்பாவும் பில்லும் இல்லாமல் போனால் உங்கள் பேச்சு எடுபடுவது கடினம்.

மேலே சொன்னது போன்ற ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகளின்படி தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். மிச்ச ரத்தத்தை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்பதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். பாதியில் விலகினாலும் சிகிச்சை தடைபடக் கூடாது. மீறினால் தகவல் தாளிலுள்ள நெறிமுறைக் குழு உறுப்பினர்-செயலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.

எங்கே கொடுத்தாலும் புகாரின் இரண்டாம் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அரசு அலுவலகத்திலிருந்து பதிலே வராவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, புகார் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.