காணாமற்போன பத்து நாட்கள்

நம் பங்குத் திருவிழாவையொட்டி இளைஞர் மன்றத்தார் நடத்திய பொது அறிவுப் போட்டிக்கு நான் நடுவராக அமர்ந்திருந்தேன். "கலிலேயோ இறந்த ஆண்டிலேயே பிறந்த ஆங்கில விஞ்ஞானி யார்?" என்பது வினா. ஓர் அணியினர் "நியூட்டன்" என்றனர். பொது அறிவு நூல்கள் பலவற்றில் காணப்படும் விடைதான் அது. மறு அணியிலிருந்த பதினோராம் வகுப்பு மாணவி எழுந்து, "சாமி, இருவருக்கும் ஒரே ஆண்டு வராதே!" என்றாள். கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தேன்; மதிப்பெண்ணை முதல் அணிக்கே வழங்கினேன். அந்த ஒரு மதிப்பெண்ணால் கேடயமும் அவர்களுக்கே சென்றது.

அன்றிரவு நூல்களைப் புரட்டியபோதுதான் என் தவறு புலப்பட்டது. கலிலேயோ காலமானது 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழாவன்று. ஆயின், முன்னது இத்தாலியர் ஏற்றிருந்த புதிய நாட்காட்டியின் தேதி; பின்னது ஆங்கிலேயர் விடாது பற்றியிருந்த பழைய நாட்காட்டியின் தேதி. புதிய கணக்கில் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. பழைய கணக்கிலேயே இருவரையும் வைத்தாலோ, கலிலேயோவின் மறைவு 1641 டிசம்பர் 29-க்குப் போய்விடுகிறது. எப்படிப் பார்த்தாலும் மாணவி கூறியதே சரி.

இக்குழப்பத்தின் மூலம் பதினொரு நிமிடங்கள். யூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டி, ஆண்டுக்கு 365¼ நாட்கள் என்று கொண்டது. உண்மையான ஆண்டு அதனினும் ஏறத்தாழ 11 நிமிடங்கள் குறைவு. அற்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு சுமார் 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். 325-இல் நிசேயா பொதுச்சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி வந்த சம இரவுநாள், 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு நகர்ந்திருந்தது. அந்நாளைக்கொண்டே உயிர்ப்புத் திருநாள் கணிக்கப்படுவதால், திருச்சபைக்கு இது பெருங்கவலையாயிற்று.

கலாபிரியா பகுதியைச் சேர்ந்த லீலியுஸ் என்னும் மருத்துவர் ஒரு தீர்வு கண்டார். நூற்றாண்டு முடிவு ஆண்டுகளுள் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டுகளாகும் என்பது அதன் சாரம். 2000-இல் பிப்ரவரி 29 இருந்ததும், 1900-இல் இல்லாததும் இதனாலேயே. தம் திட்டம் நிறைவேறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1576-இல் இறந்துவிட்டார். அவருடைய சகோதரர் அதனை உரோமையில் சமர்ப்பித்தார். இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியுஸ் முதலானோர் அதனை ஆராய்ந்தனர். திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் 1582-இல் ஆணை பிறப்பித்தார். அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள், அக்டோபர் 15 வெள்ளி!

சரியாக அந்த இரவில், ஸ்பெயின் நாட்டில் அவிலா நகரப் புனித தெரேசம்மாள் உயிர் நீத்தார். அக்டோபர் 4 அசிசியாரின் திருநாள். ஆகவே நம் புனிதைக்கு மறுநாளைத் தந்தார்கள். அந்த மறுநாள்தான் 15.

ஸ்பெயின், போர்த்துக்கல், போலந்து ஆகிய நாடுகள் உடனே பணிந்தன. இங்கிலாந்தோ 1752 வரை காத்திருந்தது. இதனால் இலக்கியத்திலும் ஒரு பிழை வேரூன்றியது. சேக்ஸ்பியரும் செர்வாந்தெசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தனர் என்பர். செர்வாந்தெஸ் மறைந்தது 22-ஆம் தேதி; 23 அவரது அடக்கம் பதிவான நாள். சேக்ஸ்பியரின் 23-ஆம் தேதியோ ஸ்பெயின் கணக்கில் மே 3. இசை மேதை பாக் பிறந்தநாளை மார்ச் 21 என்று கொண்டாடுகிறோம். 1685-இல் அவர் பிறந்த ஊரில் பழைய கணக்கே வழங்கியதால், இன்றைய கணக்கில் அது மார்ச் 31. ரஷ்யாவின் 1917 அக்டோபர்ப் புரட்சி நவம்பரில் நடந்த கதை பலரும் அறிந்ததே.

அடுத்த ஞாயிறு மன்றக் கூட்டத்தில், தவறு என்னுடையதே என்று எல்லோர் முன்னும் சொன்னேன். வென்ற அணியினர் சற்றுத் தயங்கினாலும், கேடயத்தை ஆறு மாதம் இவர்களும் ஆறு மாதம் அவர்களுமாக வைத்துக்கொள்ள இசைந்தனர். அம்மாணவி விடுவதாயில்லை. "அப்படியானால் சாமி, ரஷ்யர்கள் ஜனவரி 7-இல் கிறிஸ்து பிறப்பு விழா கொண்டாடுவதும் இந்தப் பழைய கணக்குதானா?" என்று கேட்டாள். ஆம், அங்குள்ள திருச்சபை பழைய நாட்காட்டியையே பின்பற்றுகிறது, வேறுபாடு இப்போது 13 நாட்கள் என்றேன். உடனே விரல்விட்டு எண்ணினாள். "2100 நமக்கு லீப் ஆண்டு இல்லை, அவர்களுக்கு உண்டு. அப்படியென்றால் 2101 முதல் அவர்கள் விழா ஜனவரி 8-க்குப் போய்விடுமே!" என்றாள். இம்முறை விடைத்தாளைத் தேடாமலே, சரி என்றேன்.