வெள்ளெழுத்தும் திரவ வில்லையும்

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் உட்காருபவரின் கண்ணுக்கு ஓய்வில்லை. அறுந்த பாவு இழையைக் கிட்டத்தில் பார்த்து முடிச்சிட வேண்டும். மறுநொடி, சற்றுத் தள்ளி ஓடும் கரையையும் புட்டாவையும் கவனிக்க வேண்டும். நாற்பது வயதுக்குப் பிறகு இழை மங்கத் தொடங்குகிறது. இதையே வெள்ளெழுத்து என்கிறோம்.

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'கிதாபுல் மனாளிர்' நூலில் விளக்கியவர் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைஸம். அந்த ஒளியைக் குவிப்பதில் கண்ணுக்குள் இருக்கும் மென்மையான வில்லைக்குப் பெரும் பங்கு உண்டு. சுற்றியுள்ள தசை சுருங்கினால் வில்லை தடிக்கும், கிட்டத்துப் பொருள் தெளியும். தசை தளர்ந்தால் வில்லை தட்டையாகும், தூரத்துப் பொருள் தெளியும். வயது ஏற ஏற வில்லை இறுகிவிடுவதால் இந்த வடிவ மாற்றம் குறைந்துபோகிறது.

படிக்கும் கண்ணாடி ஒரு தூரத்துக்கே உதவும். அப்படியானால், வடிவம் மாறும் வில்லையைக் கண்ணாடியிலேயே வைத்தால் என்ன?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜோஷுவா சில்வர் அப்படி ஒன்றைச் செய்தார். மெல்லிய சவ்வுகளுக்கு இடையே சிலிக்கான் எண்ணெய். சிரிஞ்சால் எண்ணெயை உள்ளே தள்ளினால் வில்லை உப்பும், வெளியே இழுத்தால் குழியும். அணிபவரே தம் பார்வைக்கு ஏற்ப அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மஸ்த்ராஞ்செலோ குழுவினர் 2017இல் இதைத் தானியங்கியாக்கிக் காட்டினர். அதில் திரவம் கிளிசரின். தசையின் வேலையைச் செய்வது ஒரு 'புத்திசாலிப் பொருள்'. அது நமக்குப் புதிதல்ல. அடுப்படி கேஸ் லைட்டரை அழுத்தினால் உள்ளிருக்கும் ஒரு பொருள் மின்பொறி தருகிறதல்லவா? அந்த வகைப் பொருளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும். அந்த வளைவு சவ்வைத் தள்ளுகிறது. வில்லையின் வடிவம் மாறுகிறது. மூக்குப் பாலத்தில் உள்ள அகச்சிவப்பு உணரி எதிரிலுள்ள பொருளின் தூரத்தை அளந்து சொல்ல, 14 மில்லிநொடிக்குள் குவியம் மாறிவிடும்.

சிக்கல்களும் உண்டு. வில்லை அகலமானால் திரவம் தன் எடையாலேயே கீழ்ப்பக்கம் இறங்கி, உருவம் பிசகும். பேட்டரியும் உணரியும் சேர்வதால் சட்டம் கனக்கும். ஆகவே இது இன்னும் நம் ஊர்க் கண்ணாடிக் கடைக்கு வரும் பொருளாகவில்லை.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களிடம் நடந்து, 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிக்கும் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. தறியோ தையலோ, கண்ணை நம்பிய தொழிலில் கண்ணாடி என்பது வருமானம். வீட்டில் நாற்பதைக் கடந்தவர் செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாரா? கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.