வீடு மாறும் முன்: மதுரையின் எந்தப் பகுதி நம் குடும்பத்துக்கு ஏற்றது?



கோரிப்பாளையம், காஜிமார் தெரு, நெல்பேட்டை, முனிச்சாலை, மகபூப்பாளையம் என்று தலைமுறைகளாக ஒரே மஹல்லாவில் வாழ்ந்த குடும்பங்கள் இப்போது நகரின் வெளிப்பகுதிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அத்தா கட்டிய வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் நிகாஹ் முடிந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். பாகம் பிரித்தால் ஆளுக்கு ஓர் அறைகூட மிஞ்சாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கோ வாடகையும் அட்வான்ஸும் ஏறிக்கொண்டே போகின்றன. ஆகவே புதூர், வில்லாபுரம், ஒத்தக்கடை, விளாங்குடி என்று தேடுகிறோம்.

இப்படித் தேடும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, "சென்ட் என்ன விலை?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுவதால் பல குடும்பங்கள் சிரமப்படுகின்றன. மதுரையின் புறநகர்களை நம் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

யாருடைய கண்ணால் பார்ப்பது?

இடம் பார்க்கப் போவது பெரும்பாலும் குடும்பத் தலைவர். டூவீலரில் போகிறார், "இருபது நிமிஷத்தில் வந்துவிடலாம்" என்கிறார். ஆனால் அந்த வீட்டில் பகல் முழுவதும் இருக்கப்போவது அவரல்ல. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மக்தபுக்குப் போகும் சிறுவன், மாதாமாதம் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கும் நன்னி, கடைக்கும் கணக்குக்கும் அலையும் மனைவி ஆகியோர்தான் இருக்கப்போகிறார்கள். வண்டி ஓட்டத் தெரியாதவருக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பதே சரியான அளவுகோல்.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது பெண் பிள்ளைகளின் படிப்பு. பள்ளி இரண்டு பஸ் தூரத்தில் இருந்தால் முதல் வருடம் சமாளிக்கிறோம். பத்தாம் வகுப்பில் மாலை வகுப்பு முடிந்து இருட்டில் வர வேண்டியிருக்கும்போது, "போதும், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று முடிவெடுத்துவிடுகிறோம். மனை விலையில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்த முடிவின் விலை அதிகம்.

செலவையும் கூட்டிப் பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு வீட்டில் 60 ரூபாய் கூடுதலாக ஆனால், மாதம் 25 நாளுக்கு 1,500 ரூபாய், வருடத்துக்கு 18,000 ரூபாய். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அந்தப் பேருந்து நிற்கும் சாலைக்கு நடக்கும் தூரத்தில் வீடு இருப்பதே ஒரு வருமானம் போல.

பழைய மஹல்லாக்கள்

வெளியே போகும் முன், கையில் இருப்பதன் மதிப்பை அறிவோம். கோரிப்பாளையத்தில் இருப்பவருக்கு தர்காவும் பள்ளிவாசலும் மட்டுமல்ல, அரசு ராஜாஜி மருத்துவமனையும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் நடக்கும் தூரம். காஜிமார் தெருவிலிருந்து பெரியார் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கம். நெருக்கடியும் காற்றோட்டக் குறைவும் வண்டி நிறுத்த இடமின்மையும் உண்மைதான். என்றாலும், வயதான பெற்றோருக்கு அடிக்கடி மருத்துவமனை தேவைப்படும் வீட்டில், ஒரு மகனாவது இங்கேயே இருப்பது நல்லது.

வடக்கு: புதூர் முதல் ஊமச்சிகுளம் வரை

புதூர் நகரத்துக்கும் புறநகருக்கும் நடுவே நிற்கும் பகுதி. அரசு ஐ.டி.ஐ., தொழிற்பேட்டை, அருகே மாட்டுத்தாவணி பஸ் நிலையம், கே.கே. நகரில் வக்ஃபு வாரியக் கல்லூரி என்று படிப்புக்கும் வேலைக்கும் வசதியான இடம். விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் வாடகைக்கு வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பகுதி.

அதைத் தாண்டி ஐயர் பங்களா, திருப்பாலை, ஊமச்சிகுளம். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டபின் இந்தப் பக்கம் மனை விற்பனை சூடுபிடித்தது. பாலம் சொந்த வண்டி உள்ளவரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் மேலே போகும் வண்டி வழியில் நிற்காது. பஸ்ஸை நம்பியிருப்பவர், பாலத்துக்குக் கீழே தன் ஸ்டாப்பில் காலை ஏழரைக்கும் இரவு எட்டுக்கும் எத்தனை பஸ் வருகிறது என்று நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

கிழக்கு: அண்ணா நகர் முதல் ஒத்தக்கடை வரை

அண்ணா நகரும் கே.கே. நகரும் எல்லா வசதியும் உள்ளவை. நடுத்தரக் குடும்பத்துக்கு விலை எட்டாது. அதை ஒட்டிய மேலமடை, கோமதிபுரம், வண்டியூர் பகுதிகளில் தேடுபவர்கள், வண்டியூர் கண்மாயின் மழைக்கால நிலையை விசாரிக்க வேண்டும்.

ஒத்தக்கடை மேலூர் சாலையில் இருப்பதால் பஸ் பிரச்சினை குறைவு. வேளாண்மைக் கல்லூரி, 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளை ஆகியவற்றால் ஊர் வளர்ந்திருக்கிறது. சாலையோரத்தில் வீடு கிடைத்தால் நல்லது. உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகப் போடப்பட்ட மனைகளுக்கு இந்த வசதி எதுவும் பொருந்தாது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும்!

தெற்கு: வில்லாபுரம், அவனியாபுரம், பெருங்குடி

வில்லாபுரம் நகரோடு ஒட்டியது. சிறு வியாபாரமும் கூலி வேலையும் செய்யும் நம்மவர்களுக்கு, மஹாலுக்கும் கீழவாசலுக்கும் சீக்கிரம் வந்துபோக முடிவது பெரிய வசதி. அவனியாபுரத்தில் விலை குறைவாகத் தெரிந்தால், வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மாலை நேரத்தில் ஒருமுறை போய் நின்றால் காற்றே சொல்லிவிடும். போர்வெல் தண்ணீரையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடி பக்கம் விமான நிலையம் இருப்பதால் இரண்டு விஷயங்கள் முக்கியம்: அந்த சர்வே எண் விரிவாக்கத்துக்கான நில எடுப்பில் வருகிறதா, கட்டடத்தின் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டா என்பவை.

மேற்கும் தென்மேற்கும்

விளாங்குடியில் பாத்திமா பெண்கள் கல்லூரி இருக்கிறது. அதை அடுத்து பரவை. அங்குள்ள காய்கறி மார்க்கெட்டில் தொழில் செய்பவர்களுக்கு இது பொருத்தமான திசை. நாகமலைப் புதுக்கோட்டை பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைதியாக இருக்கும். ஆனால் நகருக்குள் தினமும் கடை திறக்க வருபவருக்குத் தூரம் அதிகம்.

திருநகர் பழைய, திட்டமிட்ட குடியிருப்பு. திருப்பரங்குன்றத்தில் ரயில் நிலையமும் உண்டு. திருமங்கலம் புறநகர் அல்ல, தனி ஊர். தனக்கென்று ஜமாஅத், பள்ளிகள், ரயில் நிலையம் எல்லாம் கொண்டது. கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால் மதுரைக்குள் வாடகை கொடுப்பதைவிட அங்கே இருப்பதே மேல்.

"எய்ம்ஸ் பக்கம்" என்று சொல்லி இந்தச் சாலையில் மனை விற்பவர்கள் பலர். தோப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது 2019 ஜனவரியில். வரப்போகும் வசதிக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். இன்று இருக்கும் தண்ணீர், பள்ளி, பஸ் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலை கொடுங்கள்.

தண்ணீர், வரவும் போகவும்

2011இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி, திருப்பாலை, வண்டியூர் எல்லாம் அப்போது சேர்ந்தவை. ஒத்தக்கடை, பரவை, பெருங்குடி அதில் சேரவில்லை. "மாநகராட்சி எல்லை" என்பதால் மட்டும் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தெருவுக்குத் தெரு வேறுபடும். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு?

மழைத் தண்ணீர் போகும் வழியும் அதே அளவு முக்கியம். மதுரை கண்மாய்களின் ஊர். பீபிகுளம் என்ற பெயரிலேயே குளம் இருக்கிறது. வில்லாபுரத்திலும் கண்மாய் இருந்த இடத்தில்தான் குடியிருப்பு எழுந்தது. 2024 அக்டோபர் 25 பெருமழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிரம்பி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கார்த்திகை மழையில் ஒருமுறை பார்க்காமல் எந்த மனையையும் வாங்க வேண்டாம்.

பத்திரம்

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிவைக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (2:282). ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கும் நிலத்தில் அலட்சியம் கூடாது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017இல் வந்த விதிகளின்படி, 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கு வரன்முறை வாய்ப்புத் தரப்பட்டது. ஆகவே மனைக்கு அங்கீகார எண் அல்லது வரன்முறை ஆணை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவாக இருந்தால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும். மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றோடு, அந்த சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கோ வக்ஃப் சொத்தோ அல்ல என்பதையும் உறுதி செய்யுங்கள். வக்ஃப் நிலத்தை அறியாமல் வாங்கினால் பணமும் போகும். அல்லாஹ்வின் அமானத்தில் கைவைத்தவராகவும் ஆகிவிடுவோம்.

வட்டிக்கு அஞ்சி, "மாதத் தவணை மனை" திட்டங்களில் பலர் சேர்கிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் கடைசித் தவணை வரை பதிவு செய்து தராத திட்டத்தில், நடுவில் விற்பவர் மறைந்தால் நம் கையில் இருப்பது ரசீது மட்டுமே. குறைந்தது பதிவு செய்த கிரய ஒப்பந்தமாவது வேண்டும்.

ஒரு நல்ல செய்தி: 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்த சொத்துரிமையை நடைமுறைப்படுத்தவும் இது ஒரு வாய்ப்பு.

அக்கம்பக்கமும் ஜமாஅத்தும்

வாடகைக்கு வீடு கேட்டு, பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சோம்" என்ற பதிலைக் கேட்டவர்கள் நம்மில் பலர். அது வலிக்கும். அதனாலேயே நம்மவர்கள் நிறைந்த தெருக்களில் மட்டும் தேடி, அங்கே வாடகையை நாமே ஏற்றிவிடுகிறோம். உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே நன்மை செய்யச் சொல்கிறது குர்ஆன் (4:36). எல்லோரும் கலந்து வாழும் தெருவுக்குத் தயங்காமல் போகலாம். தனியாகப் போவதைவிட, தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒரே பகுதியில் வீடு பார்ப்பது நல்லது. பெண்களுக்குத் துணை, பிள்ளைகளுக்கு மக்தப், நோன்பில் தராவீஹ் எல்லாம் அதனால் எளிதாகும்.

பள்ளிவாசல் தூரம் என்று கவலைப்படுபவர்கள் பனூ ஸலிமா கூட்டத்தாரின் செய்தியை நினைவில் கொள்ளலாம். மதீனாவின் ஓரத்தில் இருந்த அவர்கள் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிவர விரும்பினார்கள். இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் நன்மையாக எழுதப்படுவதாக அறிவித்தார்கள். ஊரின் ஓரம் வெறுமையாகிவிடக் கூடாது என்பதும் நபியவர்களின் எண்ணமாக இருந்தது. ஓரத்தில் குடியேறுவது குறையல்ல.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: புது இடத்தில் எந்த ஜமாஅத்தில் சேருவது, ஜனாஸா என்றால் எந்த மையவாடி என்பதைக் குடிபோகும் முன்பே கேளுங்கள். நிகாஹுக்கு ஜமாஅத் கடிதம் கேட்பார்கள். பழைய மஹல்லாவில் கடிதம் வாங்கிப் புதிய ஜமாஅத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். இரண்டிலும் இல்லாமல் தொங்கும் குடும்பங்களின் சிரமம், துக்க நாளில்தான் தெரிய வருகிறது.

முடிவெடுக்கும் முன்

1. ஒரு திங்கட்கிழமை காலை, மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வண்டி இல்லாமல் பஸ்ஸில் போய் வாருங்கள்.

2. இஷாவுக்குப் பிறகு ஒருமுறை போய், தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் பாருங்கள்.

3. பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி எது என்று கேளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு.

4. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பத்திர நகல்களை விவரமறிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ் வழிகாட்டுவோம்.

5. கடைசி முடிவை அந்த வீட்டில் பகலில் இருக்கப்போகிறவர்களிடம் கேட்டு எடுங்கள்.

நம் ஒவ்வொருவருக்கும் நிம்மதியான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.