உங்கள் ஏரி எந்த அலுவலகத்தின் பொறுப்பு?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவது திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் பழைய வழக்கம். மதகு ஒழுகுகிறதா, கரையில் எலிவளை விழுந்திருக்கிறதா, கலங்கல் பெயர்ந்திருக்கிறதா, வரத்துக் கால்வாய் தூர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழுது கண்ணில் பட்டதும் எழுகிற கேள்வி: இதை யாரிடம் போய்ச் சொல்வது?

விடை தெரியாதவர் ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுப்பார். "இது எங்கள் ஏரி அல்ல" என்று பதில் வரும். பிறகு வேறோர் அலுவலகம், வேறொரு பதில். இதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். சம்பாவைக் கரையேற்றி, நவரைக்கும் கைகொடுக்க வேண்டிய தண்ணீர் உடைப்பு வழியே ஓடிவிடும். அதிகாரிகளைக் குறை சொல்வதற்கு முன், எந்தப் பொறுப்பு யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நூறு ஏக்கர்க் கணக்கு

தமிழ்நாட்டில் ஏரியின் பரப்பைப் பார்த்துப் பொறுப்பைப் பிரிப்பதில்லை. அதன் கீழ்ப் பாயும் ஆயக்கட்டைப் பார்த்தே பிரிக்கிறார்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அந்த ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. 2021 வரை பொதுப்பணித்துறையின் ஒரு பிரிவாக இருந்து, அவ்வாண்டு தனித்துறை ஆனது இது. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊரில் உள்ள குளம், குட்டைகளை ஊராட்சி பார்த்துக்கொள்கிறது.

ஆகவே 90 ஏக்கர் பாயும் ஏரியின் மதகு உடைந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். 110 ஏக்கர் பாயும் ஏரி என்றால் நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஏரிகளாக இருந்தாலும் மனுப் போகும் இடம் வேறு.

ஆக்கிரமிப்பு விஷயத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் கொண்டுவந்த சட்டம் பொதுப்பணித்துறைப் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. மற்ற நீர்நிலைப் புறம்போக்குகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நடவடிக்கை எடுப்பது வருவாய்த்துறை. வண்டல் மண் எடுக்க விரும்புவோருக்கு வட்டாட்சியரே அனுமதி தரும் ஏற்பாடு 2024-ல் வந்தது.

ஆற்றுக்கு இரண்டு மாநிலம்

ஏரிக்கு நீர் தரும் ஆற்றின் பொறுப்பு இன்னும் மேலே போகிறது. ஆரணியாறு ஆந்திர மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை அருகே நம் மாநிலத்துக்குள் நுழைந்து, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் கடல் சேர்கிறது. அணையின் ஷட்டர் ஆந்திர அரசின் கையில். தண்ணீர் வந்து சேர்வது நம் வயலில். 2015-லும் 2021-லும் ஆற்றோர ஊர்கள் வெள்ளத்தில் அவதிப்பட்டன.

அரசியல் சட்டப்படி பாசனமும் நீர்த்தேக்கமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. மாநிலங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வதும் உண்டு. சென்னைக் குடிநீருக்காக ஆந்திர அரசுடன் 1983-ல் செய்துகொண்ட கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் அத்தகையது. எல்லையில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996-ல்தான். இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட வேலைக்கே 13 ஆண்டுகள் பிடித்தன.

ஊர் ஏரி, நகரத் தண்ணீர்

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு நீர்த்தேக்கம் அமைத்தார்கள். 2020 நவம்பரில் அது திறக்கப்பட்டது. கிருஷ்ணா நீரைத் தேக்கிச் சென்னைக்குக் குடிநீராக அனுப்புவது அதன் நோக்கம். ஊர் ஏரி நகரத்தின் ஐந்தாவது குடிநீர்த் தேக்கமாக ஆயிற்று.

அதே தேர்வாய் கண்டிகையில், மேய்ச்சல் நிலமாக இருந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு ஒதுக்கியபோது ஊரார் எதிர்த்துப் போராடினார்கள். தங்கள் ஏரிகளுக்கு நீர் வரும் மேட்டுநிலம் அது என்பது அவர்கள் வாதம். ஆனால் புறம்போக்கு நிலத்தின் வகையை மாற்றும் அதிகாரம் மாநில அரசிடம் இருந்தது. தொழிற்பேட்டை அமைந்துவிட்டது.

மீஞ்சூர்ப் பக்கத்து அனுபவமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. சென்னைக்காக இந்த வட்டாரத்து நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் இறைத்ததில் கடல்நீர் உள்ளே ஏறி, வயல் கிணறுகள் உப்பாகிப் போயின. தண்ணீரை எடுத்தது நகரத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பு. உப்புக் கிணற்றோடு நின்றவர் விவசாயி.

தொழிற்பேட்டை ஓரத்து நிலம்

தொழிற்பேட்டைக்குள் சாலையும் வடிகாலும் சிப்காட் நிறுவனத்தின் பொறுப்பு. 1971-ல் மாநில அரசு தொடங்கிய நிறுவனம் அது. ஆலைக் கழிவைக் கண்காணிப்பது மாசு கட்டுப்பாட்டு வாரியம். நாடாளுமன்றம் 1974-ல் இயற்றிய நீர் மாசுத் தடுப்புச் சட்டமே வாரியத்துக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. தவறும் ஆலையை மூடச் சொல்ல ஊராட்சியைவிட வாரியத்துக்கே அதிகாரம் அதிகம். அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம்.

கிணற்று நீரின் நிறமோ வாடையோ மாறினால் உடனே மாதிரி எடுத்து வையுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே நீரில் அலசி, ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். சர்வே எண், தேதி, கிணற்றின் ஆழம் எழுதி ஒட்ட வேண்டும். பாசனத்துக்கு ஏற்ற நீர்தானா என்பதற்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். மத்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் நிலையம் அது. இரண்டு அரசுகளும் ஒத்துப்போனால் விவசாயிக்கு நன்மை கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஊராட்சிக்கு என்ன பங்கு?

1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 29 பொருள்களில் சிறுபாசனத்தையும் குடிநீரையும் சேர்த்தது. எவ்வளவு அளிப்பது என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. நம் மாநிலத்தில் 2016 அக்டோபரிலிருந்து 2019 இறுதி வரை தேர்தலே நடக்காமல், தனி அலுவலர்கள் ஊராட்சிகளை நடத்தினார்கள். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊர்த் தலைவர் இல்லாத நாளில் மதகு உடைந்தால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதே ஊராருக்குக் குழப்பம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

முதலில், உங்கள் ஏரியின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை வைத்துத்தான் மனுவின் முகவரியை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, தனி ஆளாகப் போகாதீர்கள். ஆண்டுக்கு ஆறு நாள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அதில் தீர்மானம் எழுதி, அதன் நகலை மனுவோடு இணையுங்கள்.

மூன்றாவது, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லாத் துறையினரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். "எங்கள் பொறுப்பல்ல" என்று ஒருவர் சொன்னால், பொறுப்பானவர் யார் என்று அங்கேயே கேட்கலாம்.

நான்காவது, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, மனுவின் மேல் என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இந்த வேலைகளைக் கோடையில், சொர்ணவாரிப் பயிர் நிற்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ஐப்பசி மழையில் கரை கரைந்த பிறகு எந்த அலுவலகத்தின் உத்தரவும் அந்தத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவராது.