மரவள்ளி மீது விழுந்த பழி. வரம்புக்கு வெளியே நிற்கும் கணைய நோயாளிகள்

புது தில்லி: திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள விழிஞ்ஞம், 2025 மே 2-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த சர்வதேசத் துறைமுகத்தால் இன்று நாடறிந்த பெயராகிவிட்டது. அதற்கு முன்பே பெயர் பெற்ற மீன்பிடித் துறை அது. அந்தக் கரையில் மட்டுமன்றிக் கேரளம் முழுவதும், அண்டையிலுள்ள குமரி மாவட்டத்திலும், உழைப்பாளிகளின் பசியாற்றி வந்த உணவு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும்.

இந்த உணவின் ஒரு பாதியான கிழங்கு, பல பத்தாண்டுகளாகக் கொடிய நோய் ஒன்றுக்குக் காரணம் எனக் குற்றம் சாட்டப்பட்டு வந்தது. குற்றச்சாட்டு வலுவிழந்துவிட்டது. ஆனால், அந்த நோய்க்கு ஆளான ஏழைகளுக்கான தொடர் சிகிச்சையில் உள்ள இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

இளம் வயதில் தாக்கும் நோய்

வயிற்றின் பின்புறம் அமைந்துள்ள கணையம், உணவைச் செரிக்கும் நொதிகளையும் இன்சுலினையும் சுரக்கிறது. மது அருந்தாத இளம் வயதினரிடமும் இந்த உறுப்பில் சுண்ணாம்புக் கற்கள் உருவாகி, நாளடைவில் அது சுருங்கிப்போவதே வெப்பமண்டலக் கணைய அழற்சி.

இந்தோனேசியாவில் ஊட்டக்குறைவால் வாடிய நோயாளிகளிடம் இதனைக் கண்ட சூய்தெமா என்ற மருத்துவர் 1959-ல் ஆய்வறிக்கை வெளியிட்டார். கேரளத்தில் இந்நோயை விரிவாக ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ். 1968-ல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். குழந்தைப் பருவத்தில் வயிற்றுவலி, பருவ வயதில் சர்க்கரை நோய், வாழ வேண்டிய வயதில் மரணம் என்பதே அவர் கண்ட நோயின் போக்கு.

கிழங்கு குற்றவாளியானது எப்படி?

திருவிதாங்கூரில் மரவள்ளி பரவுவதற்கு ஊக்கமளித்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் பர்மா ஜப்பான் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, மக்கள் உயிர்பிழைக்க உதவியது இந்தக் கிழங்கே.

வறுமை, மரவள்ளி, கணைய நோய் ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பில் இருந்ததால் சந்தேகம் எழுந்தது. மரவள்ளியில் உள்ள லினமாரின் என்ற பொருள் சிதையும்போது சயனைடு உண்டாகிறது. இதுவே கணையத்தைக் கெடுக்கிறது என்ற கருத்தை மெக்மில்லனும் கீவர்கீஸும் 1979-ல் முன்வைத்தனர்.

ஆனால், மரவள்ளியைக் கண்டிராத வட இந்தியக் குடும்பங்களிலும் இந்நோய் காணப்பட்டது. 2002-ல் ஹைதராபாதில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள், 'ஸ்பிங்க்-1' என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்காமல் தடுக்கும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. அத்தடுப்பு பழுதுபட்டால், கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும் அபாயம் கூடுகிறது. மரபணு மாற்றம் உள்ள அனைவருக்கும் நோய் வருவதில்லை. ஊட்டக்குறைவு நோயின் காரணமா, விளைவா என்பதும் விவாதத்துக்குரியதே.

நாடு தழுவிய அளவில் 1,086 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008-ல் வெளியான ஆய்வில், நாள்பட்ட கணைய அழற்சிக்கு ஏறத்தாழ 5-ல் 3 பேரிடம் திட்டவட்டமான காரணம் தெரியவில்லை. 5-ல் 2 பேருக்கு மதுவே காரணம். கீவர்கீஸ் விவரித்த பழைய வடிவம் 4 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது.

உணவே துணை

கிழங்கின் தோலை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் நச்சுத்தன்மை பெருமளவு குறைகிறது. மீனில் உள்ள கந்தகம் கலந்த புரதம், மிச்சமுள்ள சயனைடை உடல் செயலிழக்கச் செய்யத் துணைபுரிகிறது. எனவே, கிழங்கோடு மீனைச் சேர்த்துண்ணும் வழக்கம் அறிவியலுக்கு ஏற்புடையதே. மீன் வாங்க வழியின்றிக் கிழங்கை மட்டுமே நம்பிய குடும்பங்களின் நிலைதான் கவலைக்குரியதாக இருந்தது.

நோய் வந்தவர்கள் மதுவையும் புகையையும் அறவே விலக்க வேண்டும். போதிய புரதத்துடன், சிறு சிறு அளவாகப் பலமுறை உண்ண வேண்டும். செரிமான நொதி மாத்திரைகளை உணவோடு சேர்த்து உட்கொள்ள வேண்டும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 127 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஊட்டச்சத்துகள் வலியைக் குறைப்பது தெரியவந்தது. கற்களை அதிர்வலைகளால் உடைக்கும் சிகிச்சையும், அறுவைச் சிகிச்சையும் இப்போது உள்ளன. இளமையில் மரணம் என்ற விதி மாறிவிட்டது. அதற்கு வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும் என்பதே நிபந்தனை.

திட்டங்களுக்கு இடையே

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம், சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு 30 வயது நிரம்பியவர்களையே முதன்மையாகக் கணக்கில் கொள்கிறது. 2013-ல் தொடங்கப்பட்ட சிறார் நலத் திட்டம் 18 வயதோடு முடிகிறது. கணையக் கற்களால் வரும் சர்க்கரை நோயோ பெரும்பாலும் 30 வயதுக்கு முன்பே வெளிப்படுகிறது. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான செலவையே அது ஏற்கிறது. ஆயுள் முழுவதும் தேவைப்படும் நொதி மாத்திரை அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது.

நோயின் வகைப்பாடும் நிலையாக இருந்ததில்லை. 1985-ல் ஊட்டக்குறைவு சார்ந்த சர்க்கரை நோய் எனத் தனிவகை கண்ட உலக சுகாதார அமைப்பு, 1999-ல் அதனைக் கைவிட்டு, கணையக் கல் வகையை உறுப்பு நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஊட்டக்குறைவால் வரும் மற்றொரு வகையை, 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என அங்கீகரித்தது. அதற்கு வழிவகுத்த ஆய்வுகளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஏழைகளின் சர்க்கரை நோய் மீண்டும் உலகின் கவனத்தைப் பெற்றுள்ள இத்தருணத்தில், பரிசோதனைக்கான வயது வரம்பைத் தளர்த்துவதும், நொதி மாத்திரையைப் புறநோயாளிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் தடையின்றி வழங்குவதும் மத்திய, மாநில அரசுகளால் இயலாதவை அல்ல. சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, தேசியத் திட்டங்களை வகுப்பது மத்திய அரசு என்ற வாதத்தில் காலம் கடந்தால், இழப்பு 18 வயதைக் கடந்து 30-ஐ எட்டாத நோயாளிக்கே. கேரள, தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி நாடாளுமன்றத்தில் எழுப்பத்தக்க கோரிக்கை இது.