சிறிய பள்ளி மாவட்டம்: நிர்வாகம், நிதி, கல்வித் தரம்

நியூ ஜெர்சியில் வீட்டு உரிமையாளருக்கு வரும் சொத்து வரிச் சீட்டில் மூன்று பெரும் பகுதிகள் இருக்கும்: நகராட்சிக்கு உரியது, கவுண்டிக்கு உரியது, பள்ளிக்கு உரியது. பெரும்பாலான ஊர்களில் இவற்றுள் மிகப் பெரியது பள்ளிப் பகுதியே ஆகும். மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், சொத்து வரியில் ஏறத்தாழப் பாதி பள்ளிகளுக்குச் செல்கிறது.

வரியை வசூலிப்பது நகராட்சி அலுவலகம் என்பதால், பள்ளி வரியை உயர்த்துவதும் நகராட்சி மன்றமே என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. பெரும்பாலான ஊர்களில் பள்ளியின் வரவு செலவைத் தீர்மானிப்பது கல்வி வாரியம் என்னும் தனி அமைப்பாகும். நகராட்சி அத்தொகையை வசூலித்து ஒப்படைக்கிறது. ஆகவே, பள்ளிச் செலவு குறித்த கேள்வியை எங்கே எழுப்ப வேண்டும் என்பதை அறிந்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும்.

சிறிய மாவட்டம் என்பது யாது?

நியூ ஜெர்சியில் 564 நகராட்சிகளும், ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்களும் உள்ளன. இங்கே "மாவட்டம்" என்ற சொல் தமிழ்நாட்டு மாவட்டத்தைப் போன்ற பெரும் நிலப்பரப்பைக் குறிப்பதில்லை. ஒரே ஒரு பள்ளியைக் கொண்ட சிற்றூரும் தனிப் பள்ளி மாவட்டமாக இருக்கலாம்.

மிடில்செக்ஸ் கவுண்டியிலுள்ள க்ரான்பெரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வூரின் மாவட்டத்தில் உள்ளது ஒரே பள்ளி. அது 8ஆம் வகுப்புடன் முடிகிறது. அதன்பின் மாணவர்கள் அண்டை மெர்சர் கவுண்டியிலுள்ள பிரின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். இவ்வாறு அனுப்பும் மாவட்டம், ஏற்றுக்கொள்ளும் மாவட்டத்துக்கு மாணவர் எண்ணிக்கையின்படி கல்விக் கட்டணம் செலுத்துகிறது. பெற்றோர் தனியாக எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அத்தொகை ஊரின் பள்ளி வரவு செலவுத் திட்டத்திலேயே அடங்கும்.

யார் நடத்துகிறார்கள்?

கல்வி வாரிய உறுப்பினர்கள் பெரும்பாலான மாவட்டங்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். சில ஊர்களில் மட்டும் நகரத் தலைவர் அவர்களை நியமிக்கிறார். பதவிக்காலம் 3 ஆண்டுகள், ஊதியம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் சில இடங்களுக்கு மட்டுமே தேர்தல் நடப்பதால், வாரியம் ஒரே நாளில் முழுமையாக மாறிவிடுவதில்லை. வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர்கள் இடம்பெறா.

போட்டியிட விரும்புபவர் 18 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாகவும், பதிவு செய்த வாக்காளராகவும், அம்மாவட்டத்தில் குறைந்தது ஓராண்டு குடியிருந்தவராகவும் இருத்தல் வேண்டும். நவம்பரில் தேர்தல் நடத்தும் மாவட்டங்களில் வேட்பு மனுவை ஜூலை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்குள் கவுண்டி எழுத்தரிடம் அளிக்க வேண்டும்.

வாரியத்தின் பணி கொள்கை வகுத்தல், வரவு செலவுக்கு ஒப்புதல் அளித்தல், சூப்பரின்டெண்டென்ட் எனப்படும் மாவட்டக் கண்காணிப்பாளரை நியமித்தல் ஆகியவை. பள்ளியை நாள்தோறும் நடத்துவது கண்காணிப்பாளரின் பொறுப்பு. கணக்கு வழக்குகளை வணிக நிர்வாகி கவனிக்கிறார். வாரியம் கூட்டாக வாக்களித்தே முடிவெடுக்க முடியும். தனி உறுப்பினர் எவரும் ஆசிரியருக்கோ தலைமை ஆசிரியருக்கோ உத்தரவிட இயலாது. எனவே ஒரு மாணவர் தொடர்பான குறையை முதலில் ஆசிரியரிடமும், பின் தலைமை ஆசிரியரிடமும், அதன்பின் கண்காணிப்பாளரிடமும் கொண்டு செல்வதே முறை. தீர்வு கிடைக்காதபோது வாரியத்தை அணுகலாம்.

மாணவர்களை வேறு மாவட்டத்துக்கு அனுப்பும் ஊருக்கு, உரிய அளவு மாணவர் எண்ணிக்கை இருப்பின், ஏற்றுக்கொள்ளும் மாவட்டத்தின் வாரியத்தில் ஒரு பிரதிநிதி உண்டு. பிரின்ஸ்டன் கல்வி வாரியத்தில் க்ரான்பெரியின் சார்பில் ஒருவர் அமர்வது இவ்விதியின்படியே. அவர் எல்லாப் பொருள்களிலும் வாக்களிக்க முடியாது. கல்விக் கட்டணம் போன்று, அனுப்பப்படும் மாணவர்களைத் தொடும் குறிப்பிட்ட பொருள்களில் வாக்களிக்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

5 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முழுமையும் திறனும் உடைய இலவசப் பொதுக் கல்வி அளிக்க வேண்டும் என்பது நியூ ஜெர்சி அரசமைப்பின் கட்டளை. உள்ளூர் சொத்து வரியை மட்டும் நம்பினால் செல்வம் குறைந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அக்கல்வி கிடைப்பதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்தே 1976இல் மாநில வருமான வரி கொண்டுவரப்பட்டது.

இன்று நடைமுறையில் இருப்பது 2008ஆம் ஆண்டின் பள்ளி நிதிச் சட்டம். அதன்படி, ஒரு மாவட்டத்தின் மாணவர்களுக்குப் போதிய கல்வி அளிக்க எவ்வளவு செலவாகும் என்று மாநிலம் முதலில் கணக்கிடுகிறது. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கும், ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களுக்கும் கூடுதல் தொகை சேர்க்கப்படுகிறது. அடுத்து, ஊரின் சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் கொண்டு, ஊர் தானே எவ்வளவு ஏற்க முடியும் என்று மதிப்பிடப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சமன்படுத்தும் உதவித்தொகையாக மாநிலம் அளிப்பதே திட்டத்தின் நோக்கம். ஆகவே வீட்டு மதிப்பு உயர்ந்த ஊர்களுக்கு இவ்வுதவி மிகக் குறைவாகவோ, இல்லாமலோ இருக்கும். சிறப்புக் கல்வி, பாதுகாப்பு, பேருந்து ஆகியவற்றுக்கு மாநிலம் தரும் உதவி தனி.

2 விழுக்காடு வரம்பு

2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாவட்டம் வசூலிக்கும் மொத்தப் பள்ளி வரியை ஓராண்டில் 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துதல் கூடாது. மருத்துவக் காப்பீட்டுச் செலவு, மாணவர் எண்ணிக்கை உயர்வு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அதற்கும் மேல் வேண்டுமெனில் வாக்காளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

இவ்வரம்பு மொத்த வசூலுக்கானதே தவிர, தனி வீட்டின் வரிச் சீட்டுக்கானது அன்று. மறுமதிப்பீட்டில் ஒரு வீட்டின் மதிப்பு அண்டை வீடுகளைவிட அதிகமாக உயர்ந்திருந்தால், அவ்வீட்டின் பள்ளி வரி 2 விழுக்காட்டைத் தாண்டியும் உயரலாம்.

சிறிய மாவட்டத்துக்கு இவ்வரம்பு கடுமையானது. வரி வசூல் 1 கோடி டாலர் எனில், 2 விழுக்காடு உயர்வு 2 இலட்சம் டாலர். சிறப்புக் கல்வி தேவைப்படும் இரண்டு மூன்று மாணவர்கள் புதிதாகக் குடியேறி, வெளிப் பள்ளியில் சேர்க்கப்பட வேண்டியிருந்தால், அத்தொகை முழுவதும் அதற்கே சென்றுவிடக்கூடும். அச்சேவை அம்மாணவர்களின் சட்டப்படியான உரிமை. அதை மறுக்க இயலாது. தனியார் சிறப்புப் பள்ளியில் ஒரு மாணவருக்கான செலவு 55,000 டாலரைத் தாண்டும்போது, மிகுதியில் ஒரு பங்கை மாநிலம் பின்னர் ஈடு செய்கிறது. பெரிய மாவட்டம் எளிதில் தாங்கும் இத்தகைய செலவு, சிறிய மாவட்டத்தில் ஓர் ஆசிரியர் பணியிடத்தையோ ஓர் இசை வகுப்பையோ பாதிக்கலாம்.

புதிய கட்டடம், கூரை மாற்றம் போன்ற பெரும் பணிகளுக்குக் கடன் பத்திரம் வெளியிடப்படும். அதற்கும் பொதுவாக வாக்காளர் ஒப்புதல் தேவை.

முடிவுகள் எப்போது எடுக்கப்படுகின்றன?

பள்ளி நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. ஆளுநரின் வரவு செலவு உரைக்குப் பின் மாநில உதவித்தொகை அறிவிக்கப்படும். மார்ச் மாதத்தில் வாரியம் முதல்நிலைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, கவுண்டிக் கல்வி அலுவலரின் பரிசீலனைக்கு அனுப்புகிறது. ஏப்ரல் இறுதி அல்லது மே தொடக்கத்தில் பொது விசாரணை நடைபெறும். நவம்பர் தேர்தலுக்கு மாறிய மாவட்டங்களில், வரம்புக்குள் அடங்கிய திட்டத்துக்கு மக்கள் வாக்கெடுப்பு இல்லை. ஆகவே மார்ச் முதல் மே வரையிலான கூட்டங்களே பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்குரிய தருணம்.

கல்வித் தரத்தை எவ்வாறு அறிவது?

மாநிலக் கல்வித் துறை ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் செயல்திறன் அறிக்கை வெளியிடுகிறது. ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் 3ஆம் வகுப்பு முதல் நடத்தப்படும் மாநிலத் தேர்வுகளின் முடிவுகள் அதில் உள்ளன. ஐந்து நிலைகளில் 4, 5 ஆகியவை எதிர்பார்த்த தரத்தை அடைந்ததைக் குறிக்கும்.

சிறிய பள்ளியின் எண்களை நிதானத்துடன் படிக்க வேண்டும். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் எனில், ஒரு மாணவர் 2.5 விழுக்காட்டுக்குச் சமம். தேர்ச்சி 70இலிருந்து 60 விழுக்காட்டுக்கு இறங்கியது என்றால், மாறியது நான்கு மாணவர்களின் முடிவு மட்டுமே. ஓராண்டின் எண்ணை விட, மூன்று நான்கு ஆண்டுகளின் போக்கே நம்பத்தக்கது. மிகச் சிறிய குழுக்களின் முடிவுகள் மாணவரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு மறைக்கப்படும்.

மாணவர் வளர்ச்சி அளவீடு இன்னொரு முக்கியத் தகவல். முன்பு இதே மதிப்பெண் பெற்ற மாணவர்களுடன் ஒப்பிட, ஒருவர் எவ்வளவு முன்னேறினார் என்பதை அது காட்டுகிறது. வசதி மிக்க ஊரில் மதிப்பெண் இயல்பாகவே உயர்ந்திருக்கலாம். பள்ளியின் உழைப்பை வளர்ச்சி அளவீடு இன்னும் தெளிவாகக் காட்டும். 8ஆம் வகுப்புடன் முடியும் மாவட்டத்தில், உயர்நிலைப் பள்ளியின் அறிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பள்ளி நாள்களில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வராதிருத்தல் "நீடித்த வருகைக் குறைவு" எனக் கணக்கிடப்படுகிறது. 180 நாள் கல்வியாண்டில் இது 18 நாள்கள். பொங்கலுக்கோ உறவினர் திருமணத்துக்கோ மூன்று வாரம் ஊருக்குச் சென்று வருவதும், இடையில் சில நாள் காய்ச்சலும் சேர்ந்தால் இவ்வெல்லையைத் தாண்டிவிடும். பயணத்தைப் பள்ளி விடுமுறையுடன் பொருத்தித் திட்டமிடுவது நலம்.

மாவட்ட நிர்வாகத்தையும் மாநிலம் கண்காணிக்கிறது. கற்பித்தல், நிதி, ஆட்சிமுறை, செயற்பாடு, பணியாளர் ஆகிய ஐந்து துறைகளில் மதிப்பீடு நடைபெறும். ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடு பெறுவது எதிர்பார்க்கப்படும் அளவு.

குடியிருப்பாளர்களின் உரிமைகள்

வாரியக் கூட்டம் பற்றிய அறிவிப்பு குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கப்பட வேண்டும். வாக்களிக்கக் குடியுரிமை தேவை. கூட்டத்துக்கு வரவும் பேசவும் அது தேவையில்லை. பணி விசாவில் இருப்போரும், வாடகை வீட்டில் வசிப்போரும் பேசலாம். வாடகையின் வழியாக அவர்களும் பள்ளி வரியில் பங்கேற்கின்றனர்.

ஒப்பந்தம், செலவுப் பட்டியல் போன்ற பொது ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். பொதுவாக 7 வேலை நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். ஆங்கிலத்தில் உரையாடத் தயங்கும் பெற்றோர், பள்ளிச் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கோரலாம். நவம்பர் தேர்தலில் வாக்களிக்க விரும்பும் குடிமக்கள், தேர்தலுக்கு 21 நாள்களுக்கு முன் பெயரைப் பதிவு செய்திருத்தல் வேண்டும். சிற்றூர்களில் கல்வி வாரியத் தேர்தல் முடிவு சில பத்து வாக்குகளிலேயே மாறக்கூடும்.