அழைப்புக்குக் காத்திருந்த விளையாட்டு



விளையாட்டு என்றதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திடல் நினைவுக்கு வரும். பந்தும் கோலியும் கண்ணாமூச்சியும் நினைவுக்கு வரும். அவற்றுள் சேர எவருடைய அழைப்பும் வேண்டியதில்லை. ஓடி வருபவர் எல்லாரும் ஆட்டக்காரரே. ஆனால், ‘அழைப்பு வந்தால்தான் ஆடலாம்’ என்ற விதியுடன் ஒரு கைப்பேசி விளையாட்டு 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தோன்றியது. அதன் பெயர் இங்கிரஸ். கூகுள் நிறுவனத்துக்குள் ஜான் ஹாங்கி என்பவர் 2010இல் தொடங்கிய நியாண்டிக் என்னும் பிரிவு அதனை உருவாக்கியது. பல நாடுகளில் இளைஞரும் முதியோரும் அதன் அழைப்பினை எதிர்பார்த்து நாள்தோறும் தங்கள் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தவண்ணம் இருந்தனர். அவ்வளவு ஆவல் எதனால் உண்டாயிற்று என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மிகைமெய் என்பது யாது?

கண்ணெதிரே உள்ள மெய்யான உலகின்மீது, கணினி உண்டாக்கிய படத்தையோ செய்தியையோ ஏற்றிக் காட்டுவது மிகைமெய் எனப்படும். இக்கருத்து புதியதன்று. 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் தலையில் அணிந்து பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். அது கனமாக இருந்தமையால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அவ்வேலையைச் சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசி செய்கிறது.

இடத்தை அறியும் முறை

இத்தகைய விளையாட்டுக்கு, ஆடுபவர் நிற்கும் இடம் எது என்பது கைப்பேசிக்குத் தெரிந்தாக வேண்டும். மழைக்காலத்தில் மின்னலைக் கண்டவுடன் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கி, இடியோசை கேட்கும்போது நிறுத்துகிறோம். ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் எனக் கணக்கிட்டு, மின்னல் எவ்வளவு தொலைவில் தோன்றியது என அறிகிறோம். கைப்பேசியும் இதனையே செய்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றும் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவிக்கின்றன. அந்த அலை நம்மை வந்தடைய ஒரு விநாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். குறைந்தது நான்கு கோள்களின் அலைகளை ஒப்பிட்டு, கைப்பேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. செம்பனை மட்டைகள் வானத்தை மறைக்கும் இடத்தில் அக்கணக்குச் சற்றுப் பிசகக்கூடும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் நூறு மீட்டர் அளவுக்கு வேறுபாடு நேரும். அத்தடை நீங்கியமையாலேயே இவ்விளையாட்டுப் பிறக்க முடிந்தது.

ஆட்டத்தின் விதிகள்

இங்கிரஸ் ஆட்டத்தில் பச்சை அணி, நீல அணி என இரண்டு அணிகள் உண்டு. ஊரிலுள்ள சிலை, நினைவுச் சின்னம், பழைய கட்டடம், சுவரோவியம் போன்றவை ‘வாயில்கள்’ என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆடுபவர் வீட்டில் அமர்ந்து விரலை அசைத்தால் போதாது; வாயிலிலிருந்து நாற்பது மீட்டருக்குள் தம் காலால் நடந்து செல்ல வேண்டும். அங்கே எட்டுக் கருவிகளைப் பொருத்தினால் அவ்வாயில் முழு வலிமை பெறும். ஒரு வாயிலை மற்றொன்றோடு கோட்டினால் இணைக்கலாம். ஆயினும் ஒரு கோடு மற்றொரு கோட்டை வெட்டிச் செல்லக் கூடாது. மூன்று வாயில்கள் இணைந்தால் முக்கோணம் உண்டாகும். அதற்குள் அடங்கும் நிலப்பரப்பு அவ்வணிக்குச் சேரும். வகுப்பில் கரும்பலகையில் வரையும் முக்கோணம், அங்கே ஊரளவு விரிந்து நின்றது எனலாம்.

அழைப்பு எதற்காக?

புதிய இரகக் இரப்பர்க் கன்றினைத் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் நட்டுவிட மாட்டார்கள். சிறிய நிலத்தில் நட்டு, பால் எவ்வாறு சுரக்கிறது, நோய் தாக்குகிறதா எனப் பார்த்த பின்னரே பரவலாக நடுவார்கள். கணினித் துறையினரும் அவ்வாறே சிலரை மட்டும் முதலில் சேர்த்துக் குறைகளைக் கண்டு திருத்துகின்றனர். பலர் ஒரே சமயத்தில் நுழைந்தால் அவர்களுடைய கணினிகள் தாங்கா என்பது மற்றொரு காரணம். கூகுளின் ஜிமெயில் அஞ்சல் சேவையும் 2004ஆம் ஆண்டு அழைப்பின்வழியே தொடங்கி, 2007இல்தான் எல்லாருக்கும் திறக்கப்பட்டது.

எனினும், வேறொரு விளைவும் இதில் உண்டு. எளிதில் கிடைக்காத பொருளின்மீது மனம் இருமடங்கு நாட்டம் கொள்கிறது. மூடிய கதவின் பின்னால் இருப்பது யாது என அறியும் ஆவலே ஒரு விளம்பரமாகிவிடுகிறது. இதனைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே உணர்ந்துகொள்ளுதல் நன்று. ‘எல்லாரிடமும் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை’ என்று பிள்ளை ஏங்கும்போது, அந்த ஏக்கத்தில் பொருளின் தேவை எவ்வளவு, காத்திருப்பு வளர்த்த ஆசை எவ்வளவு எனப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கைப்பேசியின் விலை, பால் வெட்டும் கைகளுக்குப் பல நாள் உழைப்பு என்பதை மறத்தல் ஆகாது.

இங்கிரஸ் ஆட்டம் 2013 இறுதியில் அழைப்பின்றியே திறக்கப்பட்டது. அதுவரை ஆண்டிராய்டு கைப்பேசிகளில் மட்டுமே இயங்கிய அது, 2014 ஜூலையில் ஐபோனுக்கும் வந்தது. ஆட்டக்காரர்கள் நடந்து நடந்து குறித்த இடங்களே பின்னர் வந்த போக்கிமான் கோ விளையாட்டுக்கு அடிப்படையாயின. அது 2016 ஆகஸ்டு 6ஆம் நாள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியானபோது உண்டான பரபரப்பைப் பெற்றோர் பலர் அறிவர்.

நாம் கொள்ள வேண்டியவை

நடக்கச் செய்யும் விளையாட்டு நல்லதே. ஆயினும் கண்கள் கைப்பேசியிலும் கால்கள் சாலையிலும் இருந்தால் தீங்கு நேரும். சாலை, கால்வாய், ஆலை, பிறர் வளாகம் ஆகிய இடங்களில் கைப்பேசியைப் பார்த்து நடத்தல் கூடாது. வயது வரம்பையும் பெற்றோர் ஒப்புதலையும் பெறாமல் எதிலும் சேரலாகாது. நாம் இருக்கும் இடத்தை ஒரு நிறுவனம் அறிகிறது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்னுமோர் உண்மை நம் சிந்தனைக்குரியது. நியாண்டிக் என்பது ஒரு திமிங்கல வேட்டைக் கப்பலின் பெயர். 1849இல் பொன் தேடுவோரை ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வந்த அக்கப்பல் கரையிலேயே கைவிடப்பட்டது. பின்னர் அதன்மேல் நகரம் எழுந்தது. காலடியில் மறைந்து கிடக்கும் வரலாற்றை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்றே அப்பெயரைத் தேர்ந்தனர்.

நம் காலடியிலும் வரலாறு உண்டு. நகரங்களில் வாயில்கள் நெருங்கி நிற்க, தோட்டப்புற வரைபடமோ பெரிதும் வெறுமையாகக் கிடக்கும். ஆட்டக்காரர் எங்கே மிகுதியோ, அங்கேதான் இடங்கள் குறிக்கப்படும். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இக்காலத்தில், நம் கோயிலையும் பழைய லயங்களையும் பால் நிறுக்கும் கொட்டகையையும் நாமே எழுதி வைக்காவிடில் வேறு யார் எழுதுவர்?

ஆகவே மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியரிடம் கேளுங்கள். தோட்டத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து, அதனை யார் கட்டினர், எந்த ஆண்டு கட்டினர், அங்கே என்ன நிகழ்ந்தது என ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். நல்லவை அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறும். இதற்கு எவருடைய அழைப்பையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டா. இன்றே தொடங்குவீர்!